மீன் தொட்டி தந்த தையல்காரப் பெண்

வீட்டுக் கூடத்தில் கண்ணாடித் தொட்டி. அதற்குள் தங்க மீன்கள் வாலை ஆட்டி நீந்துகின்றன. பார்க்கப் பார்க்க அலுக்காத காட்சி இல்லையா, குழந்தைகளே? கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்த்து, அவற்றின் வாழ்க்கையை ஆராயலாம் என்று உலகுக்குக் காட்டியவர் ஒரு பெண். அவர் கல்லூரி வாசலை மிதித்தவர் அல்ல. துணி தைத்துப் பிழைத்தவர். பெயர் ழான் வில்ப்ரோ பவர்.

பிரான்ஸ் நாட்டில் ஜுயாக் என்ற சிற்றூரில் 1794ம் ஆண்டு பிறந்தார் ழான். அப்பா செருப்புத் தைக்கும் தொழிலாளி. குடும்பத்தில் வசதி இல்லை. எழுதப் படிக்கக் கற்றதோடு சரி. பதினெட்டு வயதில், பாரீஸ் சென்று பிழைத்துக் கொள்ளலாம் என்று கிளம்பினார். பாரீஸ் 400 கிலோ மீட்டருக்கும் அப்பால் இருந்தது. அவ்வளவு தூரத்தையும் நடந்தே கடந்தார்!

பாரீசில் ஒரு தையல் கடையில் வேலை கிடைத்தது. அவரது கைவேலை அத்தனை நேர்த்தி. 1816ல் பிரான்ஸ் மன்னரின் தம்பி மகனுக்கும், இத்தாலியின் தென்பகுதியை ஆண்ட அரச குடும்பத்தின் இளவரசி கரோலினுக்கும் திருமணம் நடந்தது. மணப்பெண்ணின் உடையைத் தைத்தவர் ழான். அவர் புகழ் எங்கும் பரவியது. ஜேம்ஸ் பவர் என்ற ஆங்கில வணிகர் அவரை விரும்பினார். 1818ல் இருவரும் மணந்து, இத்தாலியை ஒட்டியுள்ள சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறினர்.

இனி உழைத்துச் சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால், ழான் சும்மா இருக்கவில்லை. புத்தகங்களை வாங்கித் தாமே படித்தார். தீவு முழுவதும் நடந்து திரிந்தார். செடி கொடிகள், பட்டாம்பூச்சிகள், கிளிஞ்சல்கள், கல்லாகிப் போன பழங்கால உயிர்கள் என்று எல்லாவற்றையும் சேகரித்துக் குறிப்பு எழுதினார்.

அப்போது அறிஞர்களைக் குழப்பிய புதிர் ஒன்று இருந்தது. ஆர்கோநாட் என்பது ஆக்டோபஸ் இனத்தைச் சேர்ந்த கடல் உயிர். அதில் பெண் மட்டும், காகிதம் போல மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் வாழும். அந்த ஓட்டை அதுவே செய்துகொள்கிறதா? அல்லது, காலிச் சங்குக்குள் புகுந்துகொள்ளும் துறவி நண்டைப் போல, வேறொரு உயிரின் ஓட்டைப் பறித்துக் கொள்கிறதா? ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். இறந்துபோன ஆர்கோநாட்டை மேஜை மேல் வைத்து எத்தனை நாள் பார்த்தாலும் விடை கிடைக்காது. உயிரோடு பார்க்க வேண்டும். எப்படி?

அதற்குத்தான் 1832ல் கண்ணாடித் தொட்டி செய்தார் ழான். அதில் கடல் நீர் நிரப்பி, வீட்டிலேயே ஆர்கோநாட்டுகளை வளர்த்தார். அதோடு நிற்கவில்லை. கூண்டுக்குள் வைத்துக் கடலில் இறக்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று; நங்கூரமிட்டு ஆழத்தில் நிறுத்தும் பெரிய கூண்டு இன்னொன்று. இப்படி மூன்று வகைகளை உருவாக்கினார்.

பிறகு பொறுமையாகக் கவனித்தார். முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுக்கு ஓடே இல்லை. வளர வளரத் தானே ஓட்டை உண்டாக்கிக் கொண்டது. ஓட்டில் ஒரு துண்டை உடைத்துப் பார்த்தார். ஆர்கோநாட் அந்த ஓட்டையை அடைத்துச் சரி செய்தது. பாய்மரம் போலப் பயன்படும் என்று முன்னோர் நினைத்த இரண்டு அகலமான கைகள்தான் ஓட்டைக் கட்டுகின்றன என்பதும் தெரிந்தது. பல நூற்றாண்டுக் குழப்பம் தீர்ந்தது!

பெண்களை அறிஞர் சபைகளில் சேர்க்கத் தயங்கிய காலம் அது. ஆனாலும், சிசிலியின் கட்டானியா நகர அறிவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. லண்டன் விலங்கியல் சங்கமும் அவரைச் சேர்த்துக் கொண்டது.

ஆனால், ஒரு பேரிடியும் விழுந்தது. சிசிலியை விட்டுப் போகும் எண்ணத்தில், பல ஆண்டுகள் சேர்த்த பொருட்களையும் படங்களையும் குறிப்புகளையும் கப்பலில் அனுப்பினார். கப்பல் கடலில் மூழ்கியது. எந்தக் கடலை ஆராய்ந்தாரோ, அந்தக் கடலே அவரது உழைப்பில் பெரும்பகுதியை விழுங்கிவிட்டது. அதன் பின் அவர் புதிய ஆராய்ச்சியில் இறங்கவில்லை. எழுதுவதை மட்டும் விடவில்லை. நல்ல வேளையாக, 1839லேயே தம் சோதனைகளைப் புத்தகமாக வெளியிட்டிருந்தார். அதனால்தான் அவரது கண்டுபிடிப்பு நமக்குக் கிடைத்தது.

1858ல் ரிச்சர்டு ஓவன் என்ற புகழ்பெற்ற ஆங்கில விலங்கியல் அறிஞர், மீன் தொட்டியை உருவாக்கிய பெருமையை ழானுக்கே அளித்தார். 1870ல் பிரஷ்யப் படை பாரீசை முற்றுகையிட்டபோது, ழான் பிறந்த ஊருக்கே திரும்பினார். 1871 ஜனவரியில், 76 வயதில் காலமானார். உலகம் அவரை மெல்ல மறந்தது. 1997ல் வெள்ளிக் கோளில் உள்ள ஒரு பெரும் பள்ளத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

அவர் வளர்த்தது கடல் உயிர்களை. நன்னீர்த் தொட்டிக்கு வழி காட்டியவர்களில் ஒருவர், லண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன். தங்க மீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்தார். செடி மீனுக்கு ஆக்சிஜன் தந்தது. மீனின் கழிவு செடிக்கு உரமானது. அழுகிய இலையை நத்தை தின்றது. இதை 1850ல் எழுதி வெளியிட்டார்.

நீங்களும் தொட்டி வைக்கப் போகிறீர்களா? குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீனைக் கொல்லும். அதை நீக்கிய பிறகே ஊற்ற வேண்டும். முதல் நாளே தொட்டி நிறைய மீன் விடாதீர்கள். கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷத்தை மாற்றும் நல்ல பாக்டீரியாக்கள் வளரச் சில வாரங்கள் ஆகும். ஒன்றிரண்டு மீன்களோடு தொடங்கி, தீனியைக் கொஞ்சமாகப் போடுங்கள். தண்ணீரை மொத்தமாகக் கொட்டாமல், வாரம் ஒருமுறை ஒரு பகுதியை மட்டும் மாற்றுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். ழானைப் போலத் தினமும் பார்த்ததை எழுதி வையுங்கள். பொறுமையாகப் பார்ப்பவர் கண்ணுக்கே புதிர்கள் விடை தரும்!