நாடியில் வைத்த விரல்

ஹார்வி மில்லை அறிந்த மதுரைக்கு, பருத்தி ஆலைகளை நம்பி வாழ்ந்த இங்கிலாந்தின் பர்ன்லி நகரம் அந்நியமாகத் தோன்றாது. 1879-இல் அந்நகருக்குப் பொது மருத்துவராக வந்தவர் ஜேம்ஸ் மெக்கன்சி. ஸ்காட்லாந்தில் 1853-இல் பிறந்து, எடின்பரோவில் மருத்துவம் பயின்றவர்.

இதய நோயுற்ற இளம் கர்ப்பிணி ஒருவர் அவரது பொறுப்பில் இருந்தபோது பிரசவத்தில் இறந்தார். எந்த இதயம் தாங்கும், எது தாங்காது என்பதை முன்னறிய வழியில்லையே என்ற வேதனை அவரை ஆய்வாளராக்கியது. கை நாடியையும் கழுத்துச் சிரையின் அசைவையும் ஒருசேரத் தாளில் பதியும் கருவியை, கடிகாரம் செய்பவர் ஒருவரின் துணையுடன் வடிவமைத்தார். அதைக் கொண்டு நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்.

இதய வால்வு சுருங்கிய பெண் ஒருவரின் நாடி தாறுமாறானபோது, சிரைப் பதிவில் மேலறைக்குரிய அலை மறைந்திருப்பதைக் கண்டார். மேலறைகள் சீராகச் சுருங்காமல் நடுங்குவதே இதற்குக் காரணம் என்று 1909-இல் தாமஸ் லூயிஸ் இசிஜி மூலம் நிறுவினார். அதுவே இன்று ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படுகிறது. இத்தகையோருக்கு டிஜிடாலிஸ் மருந்து பெரிதும் பயன்படும் என்பதையும் மெக்கன்சி காட்டினார்.

1907-இல் லண்டன் சென்றார். புகழும் 'சர்' பட்டமும் வந்தன. ஆயினும், நோயின் தொடக்கத்தைக் காண்பவர் பொது மருத்துவரே என்று நம்பிய அவர், லண்டனைத் துறந்து செயின்ட் ஆண்ட்ரூஸில் ஆய்வு நிலையம் தொடங்கினார். 1925-இல் இதய நோயாலேயே மறைந்தார்.

அவரது நம்பிக்கை இன்று மருத்துவ வழிகாட்டுதலாகிவிட்டது. நடுங்கும் மேலறையில் தேங்கும் ரத்தம் உறைந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வரும். அந்த அபாயம் ஏறத்தாழ ஐந்து மடங்கு. எனவே 65 வயதைக் கடந்தோரின் நாடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சீரற்றிருந்தால் இசிஜி எடுக்க வேண்டும். நோய் உறுதியானால் பக்கவாத அபாயத்தைக் கணித்து, தேவைப்படுவோருக்கு ரத்த உறைவுத் தடுப்பு மருந்து தர வேண்டும். ஆஸ்பிரின் அதற்கு ஈடாகாது. ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு சுருங்கியோருக்கு, முறையான ரத்தப் பரிசோதனையுடன் வார்ஃபரினே உகந்தது.

2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மருந்து தருகிறது. மேலூரிலும் உசிலம்பட்டியிலும் வாடிப்பட்டியிலும் முதியோர் வீட்டுக்கு வரும் பணியாளர், அவர்களது மணிக்கட்டிலும் அரை நிமிடம் விரல் வைக்கட்டும். செலவில்லாத அந்த அரை நிமிடம், ஒரு குடும்பத்தையே முடக்கிப்போடும் பக்கவாதத்தைத் தடுக்கக்கூடும்.