மூணாவது கோட் வார்னிஷ்

டிசம்பர் பிறந்தாச்சுன்னா மணலி புதுநகர்ல எந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சாலும் நாலு வீட்டு வாசல்லயாவது ஸ்டார் தொங்கும். குடில் வைக்கிற வீடுகள்ல பத்து நாளைக்கு முன்னாடியே தட்டுல கேழ்வரகைத் தெளிச்சு, முளைச்சதும் அதையே புல்வெளியா வெச்சிடுவாங்க. போன வருஷம் எங்க மாடி வீட்டு அக்காவோட பையன் புதுசா ஒண்ணு கேட்டான். வைக்கோல் குடிலுக்குப் பக்கத்துல பிளாஸ்டிக் கட்டைகளால ஒரு பனி ஊரே கட்டணுமாம். ரயில், பொம்மைக் கடை, விளக்குக் கம்பம் எல்லாம் வேணுமாம். மெக்கானிக்கல் படிக்கிற அண்ணன்னு என்னைப் பிடிச்சுக்கிட்டான்.

லெகோ கம்பெனி 2009-ல இருந்து வருஷா வருஷம் ‘வின்டர் வில்லேஜ்’னு கிறிஸ்துமஸ் செட் போடுது. முதல்ல பொம்மைக் கடை, அப்புறம் பேக்கரி, தபால் நிலையம்னு சேர்த்துச் சேர்த்து ஒரு ஊரே ஆக்கிடலாம். விலையைப் பார்த்ததும் எனக்கு செமஸ்டர் ஃபீஸ் ஞாபகம் வந்துச்சு. அதனால பேர் இல்லாத கட்டைகளைப் பை பையா வாங்கினோம். ரெண்டு நாள் உட்கார்ந்து கட்டினோம். மூணாவது நாள் ரோட்டுல ஒரு கன்டெய்னர் லாரி போச்சு. நம்ம ஏரியா பத்தி உங்களுக்குச் சொல்லவே வேணாம், வீடே லேசா அதிரும். கடைத்தெரு மொத்தமும் சரிஞ்சுது. பையனோட பழைய டப்பாவுல கிடந்த கொஞ்சம் அசல் கட்டைகளை வெச்சுக் கட்டின ரயில் இன்ஜின் மட்டும் அப்படியே நின்னுச்சு.

அது ஏன் நின்னுச்சுன்னு தேடப் போனப்பதான் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் கிடைச்சார். லெகோ உலகத்துக்கே தெரியும். ஆரம்பிச்சவர் ஒரு தச்சர்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

ஓலே கிர்க் 1891-ல் டென்மார்க்கில் ஃபில்ஸ்கோவ் என்ற ஊர்ப் பக்கம் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். அண்ணனிடம் தச்சு வேலை கற்றுக்கொண்டு, ஜெர்மனியிலும் நார்வேயிலும் வேலை பார்த்தார். மனைவி ஹன்சினேயைச் சந்தித்தது நார்வேயில்தான். 1916-ல் பில்லுண்ட் என்ற சின்னக் கிராமத்தில் ஒரு மரப்பட்டறையை வாங்கினார். கதவு, ஜன்னல், வீடு என்று சுற்றுவட்டாரத்துக்கு வேண்டியதைச் செய்து கொடுப்பதுதான் பிழைப்பு.

1924-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டறைக்குள் விளையாடப் போன அவருடைய ரெண்டு சின்னப் பையன்கள் கையால் மரச்சுருளில் தீப்பிடித்தது. பட்டறையும் போச்சு, ஒட்டியிருந்த வீடும் போச்சு. நம்ம வீடா இருந்தா அந்தப் பசங்களுக்கு என்ன கிடைச்சிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அந்த ரெண்டு பேர்ல ஒருத்தன் பேர் காட்ஃப்ரெட். பேரை ஞாபகம் வெச்சுக்குங்க, திரும்ப வருவான். ஓலே கிர்க் முன்பைவிடப் பெரிய கட்டடமாக எழுப்பினார். வாசலில் ரெண்டு கல் சிங்கம் வேற. கிராமத்துக்கு அது கொஞ்சம் ஓவர்தான், கடனும் கூடியது.

அப்புறம் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. விவசாயிகள் கையில் காசில்லை, வீடு கட்ட ஆளில்லை, பட்டறையில் ஆட்களைக் குறைக்க வேண்டியதாயிற்று. மிச்சமிருந்த மரத்தில் ஏணி, இஸ்திரிப் பலகை, கூடவே பொம்மைகள் செய்ய ஆரம்பித்தார். வருஷம் 1932. ஒரு மர வியாபாரி வந்து, கிறிஸ்துமஸ் விற்பனைக்கு என்று பொம்மைக்கு ஆர்டர் கொடுத்தார். வேலை மளமளவென்று நடந்தது. ஆனால் சரக்கு போவதற்குள் அந்த வியாபாரியே திவாலாகிவிட்டார். பொம்மைகளைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு ஓலே கிர்க்கே கடை கடையாகப் போய் விற்றார்.

அதே 1932-ல்தான் ஹன்சினே இறந்துபோனார். வீட்டில் நாலு பையன்கள், வெளியே கடன். உடன்பிறந்தவர்கள் கடனுக்கு ஜாமீன் நின்றார்கள், ஆனால் பொம்மையை விட்டுவிட்டு உருப்படியா ஏதாவது செய்யச் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாம போய் வீட்டுல கோர் கம்பெனி வேலை வேணாம், பொம்மை செய்யப் போறேன்னு சொன்னா என்ன நடக்கும்? அவர் விடவில்லை. 1934-ல் சோஃபீ என்பவரை மறுமணம் செய்துகொண்டார். அந்தச் சமயம்தான் கம்பெனிக்குப் பெயர் தேடித் தொழிலாளர்களிடையே ஒரு போட்டி வைத்தார். பரிசு, வீட்டில் காய்ச்சிய ஒயின் ஒரு பாட்டில். டேனிஷ் மொழியில் நன்றாக விளையாடு என்று பொருள்படும் ரெண்டு சொற்களிலிருந்து லெகோ என்ற பெயர் பிறந்தது. அதைச் சொல்லி ஜெயிச்சது யாருன்னா, அவரேதான்! பாட்டிலும் அவருக்கே.

யோயோ மோகம் திடீரென்று அடங்கி ஸ்டாக் தேங்கியபோது, அதை ரெண்டாகப் பிளந்து பொம்மை லாரிக்குச் சக்கரமாக்கினார். இதைக்கூட சாமர்த்தியம்னு விட்டுடலாம். எனக்குப் பிடிச்சது வாத்து விஷயம்.

அவருடைய மர வாத்துகளுக்கு மூணு கோட் வார்னிஷ் அடிப்பது வழக்கம். ஒருமுறை பையன் காட்ஃப்ரெட் ரெண்டே கோட் அடித்துப் பெட்டியில் போட்டு ரயில் நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, கம்பெனிக்குக் காசு மிச்சம் பண்ணிட்டேன் என்று அப்பாவிடம் பெருமையாகச் சொன்னான். பாராட்டு கிடைக்கவில்லை. பெட்டிகளைத் திரும்ப எடுத்து வந்து, மூணாவது கோட் அடித்து, மறுபடி கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், எல்லாத்தையும் தனியாளாகவே, விடிய விடிய ஆனாலும் சரி என்றுதான் உத்தரவு. வாங்குகிற குழந்தைக்கு ரெண்டு கோட்டுக்கும் மூணு கோட்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்குமா? தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

1942 மார்ச்சில் ரெண்டாவது தீ. டென்மார்க் அப்போது ஜெர்மன் ஆக்கிரமிப்பில் இருந்தது. தொழிற்சாலை, மாதிரிகள், வரைபடங்கள் எல்லாம் சாம்பல். வயசும் அம்பதைத் தாண்டியாச்சு. விட்டுவிடலாமா என்று யோசித்தவர், தன்னை நம்பியிருந்த தொழிலாளர்களை நினைத்து மறுபடியும் கட்டினார்.

1946-ல் பிளாஸ்டிக்கை வார்க்கும் இன்ஜெக்‌ஷன் மோல்டிங் மெஷினை முதன்முதலாகப் பார்த்தார். விலை சுமார் 30,000 குரோனர். மரத்தில் வாழ்ந்த கம்பெனிக்கு இது எதுக்கு என்று வீட்டிலேயே எதிர்ப்பு. வாங்கினார். (அதே 1946-ல நம்ம திருவொற்றியூர்ல ஒரு ஷெட்டுக்குள்ள கே.எம்.மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார். அதுதான் பின்னாடி எம்.ஆர்.எஃப். அந்தக் குழுமத்தோட ஃபன்ஸ்கூல்தான் பிற்காலத்துல லெகோவை இந்தியாவுல வித்துச்சு. வடசென்னைக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு பாஸ்.)

இங்கே ஒன்றை மறைக்கக் கூடாது. பிளாஸ்டிக் கட்டை ஓலே கிர்க்கின் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. இங்கிலாந்தில் ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்பவர் கிட்டிகிராஃப்ட் என்ற பெயரில் அப்படியொரு கட்டையை விற்றுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து, அளவை மாற்றித்தான் 1949-ல் டேனிஷ் கட்டை வந்தது. பேஜ் 1957-ல் இறந்தார். கிட்டிகிராஃப்ட் கட்டையின் உரிமையை லெகோ விலைக்கு வாங்கியது 1981-ல். வாத்துக்கு மூணாவது கோட் கேட்ட மனுஷன் இந்த விஷயத்துல எப்படி நிம்மதியா இருந்தார்னு எனக்குப் புரியல.

அந்த முதல் கட்டைகளும் ஒண்ணும் ஓடவில்லை. கடைகளிலிருந்து திரும்பி வந்தன. உள்ளே வெறும் கூடு, எங்க குடில் கட்டைங்க மாதிரியே, பிடிப்பு கிடையாது. இதற்குள் காட்ஃப்ரெட் நிர்வாகத்துக்கு வந்துவிட்டான், மன்னிக்கணும், வந்துவிட்டார். 1954-ல் ஒரு கப்பல் பயணத்தில், பொம்மைகளில் ஒரு ஒழுங்குமுறையே இல்லை என்று கடைக்காரர் ஒருவர் அலுத்துக்கொண்டது அவர் மனசில் தைத்தது. எந்தக் கட்டையும் எந்த செட்டோடும் சேரணும் என்ற யோசனை அங்கிருந்து வந்தது. பிடிப்புக்கு விடையாகக் கட்டையின் அடியில் குழாய்களை வைத்தார்கள். மேலே உள்ள குமிழ், குழாய்க்கும் சுவருக்கும் நடுவே நெருக்கி உட்காரும். செகண்ட் இயர்ல படிச்ச இன்டர்ஃபெரன்ஸ் ஃபிட் இதுதான். குமிழ் விட்டம் 4.8 மில்லிமீட்டர், குமிழுக்குக் குமிழ் 8 மில்லிமீட்டர். அச்சில் நூறில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் ஒண்ணு கழண்டு விழும், இல்ல பிரிக்கவே வராது. 1963-ல் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக்குக்கு மாறிய பிறகு கட்டை வளைவதும் குறைந்தது. எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் 91,51,03,765 விதமாகச் சேர்க்கலாமாம்.

குழாய் வைத்த கட்டைக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். ஓலே கிர்க் மார்ச் 11 அன்று இறந்தார், வயது 66. நடுவில் ஆறே வாரம். அவர் வாழ்நாள் முழுக்க இழைத்தது மரம். 1960-ல் மூணாவது தீ வந்து மரப் பொம்மைக் கிடங்கு எரிந்ததும், கம்பெனி மரத்தையே விட்டுவிட்டது.

2018 கிறிஸ்துமஸுக்கு வந்த வின்டர் வில்லேஜ் செட் என்ன தெரியுமா? தீயணைப்பு நிலையம். தெரிஞ்சு செஞ்சாங்களான்னு தெரியல, ஆனா அந்த ஊர்ல அது இல்லாம இருந்திருந்தா எனக்கு மனசு ஆறியிருக்காது.

இந்த வருஷமும் செட் வாங்கக் காசு இல்லை. பழைய அசல் கட்டைகளை ஃப்ரெண்ட்ஸ்கிட்ட கேட்டு வாங்கிக்கிட்டிருக்கோம், இதுவரை 412 சேர்ந்திருக்கு. உங்க வீட்டுப் பரண்ல ஏதாவது கிடந்தா எடுத்துட்டு வாங்க, கலர் எதுவா இருந்தாலும் பரவாயில்ல. ஜனவரி 6 முடிஞ்சதும் எண்ணித் திருப்பிக் கொடுத்துடுவோம்.