மதுரைக்கு மோட்டார் தந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்

மோட்டார் வண்டி வாங்குவதற்குப் பணம் இருந்தால் போதும். ஆனால் வாங்கிய வண்டியை இருபது வருஷம் ஓட வைப்பதற்குப் பணம் மட்டும் போதாது!

பழுது பார்க்கத் தெரிந்த கை வேண்டும். கேட்ட நேரத்தில் கிடைக்கும் உதிரி பாகம் வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நன்றாக ஓடும் வண்டியையும் நாள் தவறாமல் கவனிக்கும் பழக்கம் வேண்டும்.

இந்த மூன்றும் இல்லையென்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டியும் கடைசியில் பழைய இரும்புக் கடைத் தராசில்தான் ஏறும்.

இந்த உண்மையை ஒரு பெரிய தொழிலாகவே வளர்த்துக் காட்டியவர், மதுரையில் வாழ்ந்தார். அவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார். "டி.வி.எஸ்." என்ற மூன்று எழுத்துக்கு உரியவர்!

மலை அடிவாரத்தில்

நெல்லைச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது, திருக்குறுங்குடி. நம்பி கோவிலால் புகழ் பெற்ற ஊர்.

அங்கே 1877-ம் ஆண்டு மார்ச் மாதம் 22-ந் தேதி சுந்தரம் பிறந்தார். அவர் பெயரின் முன்னால் நிற்கும் "டி", அந்த ஊரைக் குறிப்பதுதான்.

அவர் பிறந்தபோது உலகத்தில் எந்த ஊர்ச் சாலையிலும் பெட்ரோல் கார் ஓடவில்லை. ஜெர்மனியில் கார்ல் பென்ஸ் என்பவர் தமது மூன்று சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டது 1886-ல்தான். அப்போது சுந்தரத்துக்கு வயது எட்டு.

தகப்பனாருக்கு மகனை வக்கீலாகப் பார்க்க ஆசை. சுந்தரமும் வக்கீல் தொழிலில் இறங்கினார். பிறகு ரெயில்வேயில் உத்தியோகம் பார்த்தார். அதன் பிறகு பாங்கியில் வேலை பார்த்தார்.

மூன்றுமே அந்தக் காலத்தில் கவுரவமான தொழில்கள். மாதம் பிறந்தால் சம்பளம். பெண் கொடுப்பவர்கள் தேடி வந்து கேட்கும் உத்தியோகம்.

ஆனால் சுந்தரத்தின் மனம் அதில் ஒட்டவில்லை. உத்தியோகத்தை உதறினார். 34 வயதில், குடும்பப் பொறுப்பு தலைமேல் இருக்கும்போதே, சொந்தத் தொழிலில் குதித்தார்.

மாட்டு வண்டிக் காலம்

அன்றைய மதுரைச் சீமையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

மதுரைக்கு ரெயில் வந்துவிட்டது. ஆனால் தண்டவாளத்தை விட்டு விலகியிருந்த ஊர்களுக்கு மாட்டு வண்டிதான் கதி. பேரையூர், திருமங்கலம் பக்கத்துக் கரிசல் காட்டில் விளையும் பருத்தி வண்டி வண்டியாகப் புறப்படும். மாடு நடந்தால்தான் பயணம். மாடு படுத்தால் மனிதனும் படுக்க வேண்டியதுதான். பேரையூரிலிருந்து மதுரைக்கு வருவதென்றால், ஓர் இரவு முழுவதும் வண்டியிலேயே கழியும்.

மதுரைக்கு வடகிழக்கே புதுக்கோட்டை சமஸ்தானம். அதன் தலைநகரத்துக்கு அப்போது ரெயிலே கிடையாது. அங்கே ரெயில் வந்தது, 1920-களின் கடைசியில்தான்.

ரெயில் இல்லாத இடத்தில்தான் மோட்டாருக்கு வேலை என்று சுந்தரம் கணக்குப் போட்டார். 1911-ம் ஆண்டையே டி.வி.எஸ். நிறுவனம் தன் பிறந்த ஆண்டாகக் கொண்டாடுகிறது. 1912-ல் அவருடைய பஸ் ஓடத் தொடங்கியது. தஞ்சைக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே மக்கள் மோட்டாரில் போனார்கள்!

நின்ற வண்டி

பஸ்ஸை ஓட விட்டாகிவிட்டது. ஆனால் அது நிற்காமல் ஓட வேண்டுமே! அங்கேதான் சோதனை இருந்தது.

அந்தக் கால வண்டியைக் கைப்பிடி போட்டுச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். சாலையோ செம்மண் சாலை, கப்பிச் சாலை. மாட்டு லாடத்திலிருந்து விழுந்த ஆணிகள் வழியெல்லாம் கிடக்கும். டயர் "புஸ்" என்று போய்விடும். வெயிலில் ரேடியேட்டர் தண்ணீர் கொதிக்கும். ஒரு சிறு உதிரி பாகம் உடைந்தாலும், அது கடல் கடந்து கப்பலில் வந்து சேர வேண்டும். அதுவரை வண்டி கொட்டகையில் தூங்கும்.

வழியில் நின்றுபோன பஸ்ஸால் முதலாளிக்கு மூன்று நஷ்டம். அன்றைய டிக்கெட் பணம் போகும். பழுது பார்க்கச் செலவாகும். மூன்றாவது நஷ்டம்தான் பெரியது: நடுவழியில் இறங்கி நடந்த பயணி, மறுநாள் அந்த பஸ்ஸில் ஏற மாட்டான்.

ஆகவே வண்டி கெட்ட பிறகு பழுது பார்ப்பதைவிட, கெடாமல் பார்த்துக் கொள்வதே லாபம். காலா காலத்தில் எண்ணெய் மாற்ற வேண்டும். பிரேக்கைச் சோதிக்க வேண்டும். தேய்ந்த பாகத்தை அது உடைவதற்கு முன்பே கழற்றி எறிய வேண்டும். டி.வி.எஸ். பஸ் சர்வீஸ் இந்த ஒழுங்கில் பெயர் எடுத்தது.

டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்துக் கடிகாரத்துக்கு நேரம் வைப்பார்கள் என்று மதுரை வட்டாரத்தில் பெரியவர்கள் சொல்வது வழக்கம். அந்தப் பெயர் விளம்பரத்தால் வந்ததல்ல. ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் எஞ்சினைத் துடைத்து வைத்த தொழிலாளியின் கையால் வந்தது!

விற்றவரே வைத்தியர்

மதுரை மேலவெளி வீதி, டி.வி.எஸ். தொழிலின் தலைமை இடமாக விளங்கியது. "சதர்ன் ரோட்வேஸ்" என்ற பெயரில் பஸ்களும் லாரிகளும் ஓடின.

1928-ல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, பம்பாயில் வண்டிகளைப் பூட்டும் தொழிற்சாலையைத் தொடங்கியது. செவர்லே போன்ற வண்டிகள் நம் நாட்டிலேயே பூட்டப்பட்டு வெளிவந்தன. அந்தக் கம்பெனியின் வண்டிகளையும் பாகங்களையும் தென்னாட்டில் விற்கும் தொழில் டி.வி.எஸ். வசம் வந்தது. "மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ்", "சுந்தரம் மோட்டார்ஸ்" என்று கிளைகள் தழைத்தன. 1950-களில் மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், ஜெனரல் மோட்டார்சின் மிகப் பெரிய விநியோகஸ்தர்களில் ஒன்றாக விளங்கியது.

வண்டியை விற்றதோடு கணக்கு முடியவில்லை. விற்ற இடத்திலேயே பழுது பார்க்கும் பட்டறை. பக்கத்திலேயே உதிரி பாகக் கிடங்கு. வண்டி வாங்கியவருக்கு இதைவிடத் தைரியம் வேறு என்ன வேண்டும்? நல்ல பட்டறை உள்ள ஊரில் பழைய வண்டிக்கும் விலை உண்டு. பட்டறை இல்லாத ஊரில் புது வண்டியும் பாரந்தான்!

வீட்டில் ஒரு சோதனை

தொழில் ஓங்கி வளர்ந்த அந்தக் காலத்தில், வீட்டில் ஓர் இடி விழுந்தது.

மகள் சவுந்தரத்துக்குச் சிறு வயதிலேயே திருமணம் நடந்திருந்தது. மருமகன் டாக்டர். மதுரையில் பிளேக் நோய் பரவியபோது, நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்த அவரையே அந்த நோய் கொண்டு போய்விட்டது. மகள் இளம் விதவையானாள்.

அந்த நாளில் விதவைப் பெண் வீட்டின் மூலையில் ஒதுங்கி இருக்க வேண்டும் என்பதே ஊர் வழக்கம். சுந்தரம் அய்யங்கார் ஊர் வழக்கத்தைப் பார்க்கவில்லை. மகளைப் படிக்க வைத்தார். சவுந்தரம் டெல்லிக்குப் போய் மருத்துவம் படித்து, டாக்டரானார்.

பிறகு அவர் காந்தியடிகளின் தொண்டர் ஜி.ராமச்சந்திரனை மணக்க விரும்பினார். வேறு சாதி, வேறு மொழி. பெற்றோருக்குச் சம்மதம் இல்லை. ஆனாலும் 1940-ல் சேவாகிராமத்தில் காந்தியடிகளின் முன்னிலையில் திருமணம் நடந்தது. அந்தத் தம்பதிகள்தான் 1947-ல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமத்தை நிறுவினார்கள். டாக்டர் சவுந்தரம் பின்னாளில் மத்திய கல்வித் துணை மந்திரியாகவும் இருந்தார்.

பெட்ரோல் இல்லை!

இரண்டாவது உலக யுத்தம் வந்தது. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர், ஜப்பானியரின் கையில் வீழ்ந்தது. மார்ச் மாதம் ரங்கூன் வீழ்ந்தது.

இதனால் மதுரைக்கு என்ன என்று நினைக்க வேண்டாம். பர்மாவிலிருந்து நம் நாட்டுக்குப் பெட்ரோல் வந்து கொண்டிருந்தது. டயருக்கு வேண்டிய ரப்பர் மலேயாவில் ஏராளமாக விளைந்தது. இரண்டு வாசலும் ஒரே சமயத்தில் அடைபட்டன. கிடைத்த பெட்ரோலும் ராணுவத்துக்கே முதலில் போயிற்று.

பஸ்கள் நின்றால், முதலாளிக்கு மட்டுமா நஷ்டம்? டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் குடும்பங்களின் அடுப்பு அணைந்து விடும். ஊருக்கும் ஊருக்கும் தொடர்பு அறுந்து விடும்.

அப்போது டி.வி.எஸ். பட்டறையில் கரியால் வண்டியை ஓட்டும் சாதனம் உருவாயிற்று. அதற்கு "டி.வி.எஸ். கியாஸ் பிளாண்ட்" என்று பெயர்.

வண்டியில் ஓர் இரும்பு உருளையைப் பொருத்துவார்கள். அதில் அடுப்புக் கரியைப் போட்டுத் தீ மூட்டுவார்கள். காற்றைத் தாராளமாக விட்டால் கரி எரிந்து சாம்பலாகிவிடும். காற்றை அளவாக விட்டால், கரியிலிருந்து எரியக்கூடிய வாயு கிளம்பும். அதைக் குளிர வைத்து, சாம்பலும் தூசியும் போக வடிகட்டி, எஞ்சினுக்குள் அனுப்புவார்கள். பெட்ரோல் செய்த வேலையை அந்த வாயு செய்யும்!

சிரமமும் இல்லாமல் இல்லை. பெட்ரோலில் கிடைத்த வலு கரியில் கிடைக்காது. மேடு வந்தால் வண்டி முனகும். காலையில் வண்டி புறப்படுவதற்கு வெகு நேரம் முன்பே தீ மூட்ட வேண்டும். சாம்பல் தள்ள வேண்டும். வாயு விஷ வாயு. ஆகவே ஒழுகாமல் காக்க வேண்டும். ஆனால் பஸ் ஓடியது. அதுதான் முக்கியம்!

தேய்ந்த டயரைத் தூக்கி எறியாமல், அதன் மேல் புது ரப்பர் ஒட்டி மறுபடியும் ஓட விடும் "ரீட்ரேடிங்" தொழிற்சாலையையும் அவர் ஏற்படுத்தினார். இருப்பதைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்குப் பஞ்ச காலத்திலும் வழி பிறக்கும்.

ஓய்வும் மறைவும்

வயதான பிறகும் நாற்காலியைப் பிடித்துக் கொண்டிருக்க அவர் விரும்பவில்லை. டி.எஸ்.ராஜம், டி.எஸ்.சந்தானம், டி.எஸ்.சீனிவாசன், டி.எஸ்.கிருஷ்ணா ஆகிய புதல்வர்களிடம் தொழிலை ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார்.

1954-ல் சந்தானம் "சுந்தரம் பைனான்ஸ்" நிறுவனத்தைத் தொடங்கினார். லாரி, பஸ் வாங்குவோருக்கு வண்டியின் பேரில் கடன் கொடுக்கும் தொழில் அது. வண்டியின் மதிப்பைச் சரியாக எடை போடத் தெரிந்தவர்களுக்கே அந்தத் தொழில் கைவரும். தகப்பனார் பட்டறையில் வளர்த்த அறிவு, மகன் கையில் கணக்குப் புத்தகமாயிற்று.

அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 28-ந் தேதி, கொடைக்கானலில் இருந்த தமது இல்லத்தில் சுந்தரம் அய்யங்கார் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

பஸ் போனது, பட்டறை நின்றது

அவர் மறைந்து 17 ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பெரிய மாறுதல் வந்தது. தமிழக அரசு பஸ்களை நாட்டுடைமையாக்கியது. 1972-ல் மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. டி.வி.எஸ். பஸ்கள் அதன் கைக்குப் போயின. சுந்தரம் அய்யங்கார் முதன் முதலில் தொடங்கிய தொழில், அவர் குடும்பத்தின் கையை விட்டுப் போயிற்று.

வேறு ஒரு குடும்பமாக இருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும். இங்கே முடியவில்லை. பழுது பார்ப்பதும், உதிரி பாகம் சேர்ப்பதும் அவர்கள் கையில் இருந்தன. கப்பலில் வந்த பாகங்களை இங்கேயே செய்யும் தொழிற்சாலைகள் 1960-களிலேயே எழும்பிவிட்டன. சக்கரத்துக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, மின்சார சாதனத்துக்கு ஒன்று, திருகாணிக்கு ஒன்று!

இதில் ஒரு விசித்திரம். 1942-ல் எந்த ஜப்பானின் படையெடுப்பால் டி.வி.எஸ். பஸ்களுக்குப் பெட்ரோல் நின்றதோ, அதே ஜப்பானின் சுசுகி கம்பெனி 1982-ல் டி.வி.எஸ்.சுடன் கூட்டுச் சேர்ந்தது. மோட்டார் சைக்கிள்கள் வெளிவந்தன. 2001-ல் இருவரும் பிரிந்தார்கள். தரத்துக்காக ஜப்பானியர் வழங்கும் டெமிங் பரிசை, 1998-ல் இந்தக் குழுவின் சுந்தரம் கிளேட்டன் நிறுவனமும், 2002-ல் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனமும் பெற்றன.

அந்த ஜப்பானின் பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் கதையையும் பாருங்கள். டொயோட்டாவும் யமஹாவும் சேர்ந்து செய்த "2000 ஜி.டி." என்ற கார், 1967 முதல் 1970 வரை சுமார் 350 மட்டுமே வெளிவந்தது. 2013-ல் அமெரிக்க ஏலத்தில் அப்படி ஒரு கார், 11 லட்சம் டாலருக்கு மேல் விலை போயிற்று!

அத்தகைய காரை வாங்க வருபவர் முதலில் பளபளப்பைப் பார்ப்பதில்லை. எஞ்சின் நம்பர் ஒத்துப் போகிறதா, தகரத்தில் துரு ஏறியிருக்கிறதா, மாற்றிய பாகம் அசல்தானா, கழற்றி மாட்டியவர் தொழில் தெரிந்தவரா என்றே பார்க்கிறார். கொட்டகையில் கவனிப்பாரற்றுக் கிடந்த வண்டிக்கு அந்த விலை கிடைக்காது.

லட்சக்கணக்கான டாலருக்கு விற்கும் ஸ்போர்ட்ஸ் காருக்கும், பேரையூர்ச் சாலையில் பருத்தி ஏற்றிப் போகும் பழைய லாரிக்கும் இந்த விஷயத்தில் சட்டம் ஒன்றுதான். வாங்கிய விலை வண்டியின் மதிப்பு அல்ல. பேணிய விதமே அதன் மதிப்பு.

வக்கீல் தொழிலை விட்டு வந்த திருக்குறுங்குடிக்காரர், கரிப்புகைக்கு நடுவே அதைத்தான் நிலைநாட்டினார்!