வேதியியல் அறிஞர் ஜே. சி. கோஷ்

ஈரோட்டுத் தோல் தொட்டிகளிலும் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலும் உழைத்த நம் மக்கள், காரத்தையும் அமிலத்தையும் ஏட்டில் படித்தவர்கள் அல்லர், கையால் அறிந்தவர்கள். தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்பு வேண்டும் என்பதும், தோலில் ஏறிய சுண்ணாம்பைப் பின்னர்ப் போக்கியாக வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அது ஏன் என்று ஆராயும் வாய்ப்புத்தான் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அவ்வாய்ப்பைப் பெறும் நம் இளைஞர்கள், அத்துறையில் புகழ் பெற்ற இந்தியர் ஒருவரின் வாழ்வை அறிந்துகொள்ள வேண்டுமென விரும்புகின்றோம்.

ஞானசந்திர கோஷ் 1894இல் புருலியாவில் பிறந்தார். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராயிடம் வேதியியல் பயின்றார். சத்தியேந்திரநாத் போஸ், மேகநாத் சாகா ஆகியோர் அவருடைய உடன் மாணவர்கள். அவர்களுள் சாகா, பிறப்பின் காரணமாக விடுதியில் மற்றவர்களோடு உண்ணவும் இடம் தரப்படாதவர். பின்னாளில் விண்மீன்களின் ஒளிக்கு விளக்கம் தந்தவரும் அவரே என்பதை நாம் மறத்தலாகாது.

அக்காலத்து வேதியியலில் தீராத சிக்கலொன்று இருந்தது. நீரில் கரையும்போது ஹைட்ரஜன் அயனியைத் தருவது அமிலம், ஹைட்ராக்சில் அயனியைத் தருவது காரம் என்பது சுவீடன் நாட்டு அர்ரீனியசின் கொள்கை. கரைசலில் ஒரு பகுதியே அயனிகளாகப் பிரிகிறது என்றும், நீர் சேரச் சேர அப்பகுதி பெருகுகிறது என்றும் அவர் கருதினார். இதற்கு ஆஸ்ட்வால்டு 1888இல் விதி வகுத்தார். புளிக்காடியிலுள்ள அசெட்டிக் அமிலம் அவ்விதிக்கு அடங்கிற்று. ஹைட்ரோகுளோரிக் அமிலம் போன்ற வலிய அமிலங்களும், வலிய காரங்களும், உப்புகளும் அடங்கவில்லை.

உப்புக் கரைசல்களின் மின்கடத்தலை ஆராய்ந்த கோஷ், 1918இல், தம் இருபத்து நான்காம் அகவையில், புதிய விளக்கம் தந்தார். உப்பு நீரில் முழுவதுமே அயனிகளாகப் பிரிந்துவிடுகிறது. ஆயினும் எதிர் மின்னேற்றமுடைய அயனிகள் ஒன்றையொன்று ஈர்த்துப் பிடித்துக்கொள்வதால், போதிய ஆற்றல் உடையவை மட்டுமே மின்சாரத்தைச் சுமக்கின்றன என்றார். லண்டன் வேதியியல் கழக இதழில் வெளிவந்த இக்கட்டுரைகள் ஐரோப்பிய அறிஞர்களின் கவனத்தை ஈர்த்தன.

அக்கொள்கை நெடுநாள் நிலைக்கவில்லை. படிகத்தில் உள்ளது போலவே கரைசலிலும் அயனிகள் ஒழுங்காக அமைந்திருக்கும் என அவர் கொண்டது பொருந்தவில்லை. 1923இல் டிபை, ஹக்கல் இருவரும், ஒவ்வோர் அயனியைச் சுற்றியும் எதிர் அயனிகள் ஓயாது அசையும் சூழலாக அமைகின்றன என்று காட்டினர். ஆயினும் வலிய மின்பகுளிகள் முழுவதும் பிரிகின்றன என்பதும், அயனிகளுக்கிடையேயான ஈர்ப்பைக் கணக்கிட்டாக வேண்டும் என்பதும் நிலைபெற்றுவிட்டன. பிழைபட்டது பாதி, வழிகாட்டியது பாதி.

கோஷ் மனம் தளரவில்லை. 1921இல் தோன்றிய டாக்கா பல்கலைக்கழகத்தில் வேதியியல் துறையை வளர்த்தார். 1939 முதல் நமக்கு அண்மையிலுள்ள பெங்களூரில் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராக விளங்கினார். அங்கு வானூர்திப் பொறியியல் துறை அவர் காலத்திலேயே, 1942இல், தொடங்கியது. விடுதலைக்குப் பின் கரக்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் முதல் இயக்குநரானார். அக்கழகம் தொடங்கிய கட்டடம், ஆங்கிலேயர் விடுதலை வீரர்களை அடைத்து வைத்த ஹிஜ்லி சிறைமுகாம். பின்னர்த் திட்டக்குழு உறுப்பினராய்ப் பணியாற்றி 1959இல் மறைந்தார்.

சிறைச்சாலை கல்விச்சாலையான வரலாறு நம் சங்கத்தார் உள்ளத்தில் பதியத்தக்கது. அறிவியல் கடினம், தவறிவிடுவோம் என்றஞ்சி அப்பாடத்தைக் கைவிடும் நம் இளைஞர்களுக்கு நாம் கூறுவது இதுவே: தவறியவரையும் அறிவியல் தள்ளிவிடுவதில்லை, கேள்வி கேளாதவருக்கே அதில் இடமில்லை. தொட்டியில் நின்ற கைகளின் வழித்தோன்றல்கள் ஆய்வுக்கூடங்களிலும் நிற்கட்டும்.