குளிரைத் தந்த பொறியாளர்

குற்றாலச் சாரல் சுந்தரபாண்டியபுரத்தின் சூரியகாந்தி வயல்களை நனைக்கும் நாள்களில் அவ்வூர் மக்களுக்கு விசிறியும் வேண்டா. கோடை முற்றும்போதோ அங்கும் வீட்டுக் குளிர்சாதனங்கள் இயங்குகின்றன. அவற்றின் குழாய்களில் ஓடும் குளிர்விப்பான், நீர்மநிலையிலிருந்து ஆவியாகும்போது அறையின் வெப்பத்தைக் கவர்கிறது. அழுத்தப்பட்டு மீண்டும் நீர்மமாகும்போது அவ்வெப்பத்தை வெளியே விடுகிறது. இப்பணிக்கு அச்சமின்றிக் கையாளத்தக்க பொருளைக் கண்டளித்தவர் தாமஸ் மிட்ஜ்லி.

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1889ஆம் ஆண்டு பிறந்த அவர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்றார். எனினும் வேதியியலே அவருக்குப் புகழ் தந்தது. 1921இல் பெட்ரோலில் ஈயச் சேர்மத்தைக் கலந்து எஞ்சினின் அதிர்வொலியை அடக்கினார். அந்த ஈயத்தால் தாமே நோயுற்றும் அதன் விற்பனையை ஆதரித்தார்.

அக்காலக் குளிர்பதனப் பெட்டிகளில் அம்மோனியா, கந்தக டைஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவை பயன்பட்டன. இவை கசிந்ததால் மக்கள் உயிரிழந்ததும் உண்டு. 1928இல் மிட்ஜ்லியும் அவர்தம் குழுவினரும் எரியாத, நஞ்சற்ற குளோரோ ஃபுளூரோ கார்பனை உருவாக்கினர். அது ஃப்ரியான் எனப் பெயர் பெற்றது. 1930இல் அறிஞர் அவையில் அவ்வாயுவை உள்ளிழுத்து, அதனையே ஊதி மெழுகுவத்தியை அணைத்துக் காட்டினார்.

1940இல் இளம்பிள்ளை வாதம் அவரை முடக்கியது. படுக்கையிலிருந்து எழுவதற்குக் கயிறும் கப்பியும் கொண்ட பொறியைத் தாமே அமைத்தார். 1944இல் அக்கயிறே அவர் உயிரைப் பறித்தது.

எளிதில் சிதையாமை ஃப்ரியானின் சிறப்பு. அச்சிறப்பே பின்னர்க் கேடாயிற்று. அது மேல்வளிமண்டலம் வரை சென்று, புற ஊதாக் கதிரால் சிதைந்து, ஓசோனை அழிக்கும் என 1974இல் மோலினாவும் ரோலண்டும் கண்டறிந்தனர். மிட்ஜ்லி மறைந்த அதே ஆண்டில் சென்னையில் பிறந்த வீ. இராமநாதன், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, செகந்திராபாத்தில் குளிர்விப்பான் கசிவைத் தடுக்கும் பணியில் இருந்தவர். அவ்வாயு கார்பன் டைஆக்சைடைவிடப் பல்லாயிரம் மடங்கு புவியை வெப்பமாக்கவல்லது என 1975இல் அவர் நிறுவினார். 1987இல் மான்ட்ரியல் உடன்படிக்கை உருவாயிற்று. 1992இல் இந்தியாவும் அதில் இணைந்தது.

இன்று பல வீடுகளில் பயன்படும் ஆர்-32 ஓசோனைத் தாக்காது. ஆயினும் புவியை வெப்பமாக்கும். எனவே, கசிவை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது பழுதுபார்த்தல் ஆகாது. ஈயத்தின் நஞ்சை மிட்ஜ்லி அறிந்திருந்தார். ஃப்ரியானின் கேட்டை அன்று எவரும் அறியார். அறிந்தபின் வாளாவிருத்தலே பிழை என்பதை அவர் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது.