லாஃப்காடியோ ஹெர்ன்

லாஃப்காடியோ ஹெர்ன் (ஜூன் 27, 1850 – செப்டெம்பர் 26, 1904) ஜப்பானியப் பேய்க் கதைகளை ஆங்கிலத்தில் தொகுத்து எழுதிய எழுத்தாளர், இதழாளர், ஆசிரியர் ஆவார். ஜப்பானியக் குடியுரிமை பெற்ற பின்னர் கொய்சுமி யாகுமோ என்ற பெயரால் அறியப்பட்டார். 1904 இல் வெளிவந்த குவைதான் இவரது புகழ் பெற்ற தொகுப்பாகும். இவரது கதைகள் சிறுவர் நூல்களாகவும் திரைப்படங்களாகவும் வெளிவந்துள்ளன. அவற்றுள் பலவற்றை இவருக்கு வாய்மொழியாகச் சொன்னவர் இவரது மனைவி கொய்சுமி செட்சு ஆவார்.

இளமைக்காலம்

ஹெர்ன் அயோனியன் தீவுகளுள் ஒன்றான லெஃப்காடாவில் பிறந்தார். அத்தீவின் பெயரைத் தழுவியே இவருக்குப் பெயரிடப்பட்டது. தாய் ரோசா கிரேக்கர். தந்தை சார்லசு ஹெர்ன் பிரித்தானியப் படையில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர். 1852 இல் தாயும் மகனும் அயர்லாந்தின் டப்ளின் நகருக்கு வந்தனர். இரண்டு ஆண்டுகளில் தாய் கிரேக்கத்திற்குத் திரும்பினார். பின்னர் பெற்றோரின் திருமணமும் முறிந்தது. தந்தை வழிப் பாட்டியின் உடன்பிறந்தவரான சாரா பிரெனேன் சிறுவனை வளர்த்தார்.

ஹெர்ன் சிறு வயதில் பேய்களுக்குப் பெரிதும் அஞ்சினார். அந்த அச்சத்தைப் போக்குவதற்காக, இரவில் விளக்கில்லாத அறையில் அவரைத் தனியே விட்டுக் கதவைப் பூட்டினர். அச்சம் குறையவில்லை; கூடியது. பிற்காலத்தில் தாம் எழுதிய ஒரு கட்டுரையில் இந்த அனுபவத்தை விரிவாக விவரித்துள்ளார். 16 ஆம் வயதில் பள்ளி விளையாட்டில் ஏற்பட்ட காயத்தால் இடக்கண் பார்வையை இழந்தார். அதனால் நிழற்படங்களில் பெரும்பாலும் முகத்தின் இடப்பக்கம் தெரியாதவாறே காணப்படுகிறார்.

அமெரிக்காவில்

பாட்டியின் செல்வம் கரைந்தபின், 1869 இல் ஹெர்ன் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். சின்சினாட்டி நகரில் முதலில் வறுமையில் வாடினார். பின்னர் செய்தியாளராகி, கொலைச் செய்திகளை அச்சமூட்டும் நடையில் எழுதிப் பெயர் பெற்றார். 1874 இல், முன்னர் அடிமையாக இருந்த மேட்டி ஃபோலி என்ற பெண்ணை மணந்தார். இரு இனத்தவர் மணம் புரிவதை ஒகையோ மாநிலச் சட்டம் அப்போது தடை செய்திருந்தது. இத்திருமணத்தால் 1875 இல் வேலையை இழந்தார். இணையர் பின்னர் பிரிந்தனர். அதன்பின் நியூ ஓர்லியன்சு நகரில் சுமார் பத்து ஆண்டுகள் வாழ்ந்தார். 1887 இல் சீனப் பேய்க் கதைகளின் தொகுப்பு ஒன்றை வெளியிட்டார்.

ஜப்பானில்

1890 ஏப்ரலில் ஹெர்ன் யோக்கொகாமா வந்து சேர்ந்தார். அவ்வாண்டே மட்சுவே நகரில் ஆங்கில ஆசிரியரானார். அங்கே செட்சுவை மணந்தார். செட்சு, மெய்ஜி மாற்றங்களால் வறுமையுற்ற சாமுராய்க் குடும்பத்தைச் சேர்ந்தவர். இவர்களுக்கு மூன்று மகன்களும் ஒரு மகளும் பிறந்தனர்.

மனைவி மக்களின் சொத்துரிமையைக் காக்கும் பொருட்டு 1896 இல் ஹெர்ன் ஜப்பானியக் குடியுரிமை பெற்றார். அதே ஆண்டில் டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானார். 1903 இல் அப்பணி முடிவுக்கு வந்தது. மாணவர்கள் இதனை எதிர்த்தனர். இவரது இடத்திற்கு வந்தவர்களுள் ஒருவர், பின்னாளில் பெரும் நாவலாசிரியரான நட்சுமே சோசெக்கி ஆவார்.

கதைகள் உருவான விதம்

ஹெர்னால் ஜப்பானிய நூல்களைத் தாமே எளிதாகப் படிக்க இயலவில்லை. செட்சு பழைய நூல்களைத் தேடிப் படித்து, இரவில் விளக்கொளியைத் தாழ்த்தி வைத்துக் கதை சொல்வார். நூலைப் பார்த்துப் படிக்காமல், தம் சொந்தச் சொற்களில் சொல்லுமாறு ஹெர்ன் கேட்டுக்கொண்டார். இருவரும் தமக்குள் எளிமைப்படுத்திய ஒருவகை ஜப்பானிய மொழியில் பேசினர். குவைதான் நூலின் அட்டையில் ஹெர்னின் பெயர் மட்டுமே உள்ளது. செட்சுவின் பங்கு, 1914 இல் வெளியான அவரது நினைவுக் குறிப்புகளால் பரவலாகத் தெரிய வந்தது.

குவைதான்

குவைதான் என்பதற்கு விந்தையான, அச்சமூட்டும் கதை என்று பொருள். இந்நூலில் 17 கதைகளும் பூச்சிகளைப் பற்றிய மூன்று கட்டுரைகளும் உள்ளன. முதற்கதையின் நாயகன் ஓயிச்சி என்னும் பார்வையற்ற இசைக் கலைஞன். 1185 இல் தன்னோ-ஊரா கடற்போரில் மாண்ட எயிக்கே குலத்தாரின் ஆவிகள் அவனை அழைத்துத் தம் கதையைப் பாடச் செய்கின்றன. அவனைக் காப்பதற்காக உடல் முழுவதும் புனித நூல் வரிகள் எழுதப்படுகின்றன. காதுகள் மட்டும் விடுபடுகின்றன. ஆவி அக்காதுகளைப் பிய்த்துச் செல்கிறது. முஜினா என்ற கதையில், முகமற்ற உருவத்தைக் கண்டு ஓடும் ஒருவன் தஞ்சம் புகும் கடைக்காரனுக்கும் முகம் இல்லை. பனிப்பெண் கதையை முசாசிப் பகுதி உழவர் ஒருவர் தமக்குச் சொன்னதாக ஹெர்ன் முன்னுரையில் குறிப்பிடுகிறார்.

சிறுவர் நூல்கள்

டோக்கியோ பதிப்பாளர் அசெகாவா தாகெஜிரோ, வண்ணப் படங்களுடன் கூடிய ஜப்பானியச் சிறுவர் கதை வரிசை ஒன்றை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அவ்வரிசையில் ஹெர்ன் எழுதிய பூனை வரைந்த சிறுவன் 1898 இல் வெளிவந்தது. பாழடைந்த கோவிலில் தனியே இரவைக் கழிக்கும் சிறுவனை, அவன் வரைந்த பூனைகளே எலிப் பூதத்திடமிருந்து காக்கின்றன. இருட்டறையில் துணையின்றி அஞ்சிய ஹெர்ன் எழுதிய இக்கதையில், தனித்திருக்கும் சிறுவனுக்குத் துணை கிடைக்கிறது.

பிற ஊடகங்களில்

மசாக்கி கொபயாசி இயக்கிய குவைதான் திரைப்படம் 1964 இல் வெளியானது. ஹெர்னின் நான்கு கதைகளின் தொகுப்பாக அமைந்த இப்படம் 1965 இல் கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசைப் பெற்றது. 1984 இல் ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சி ஹெர்னின் வாழ்க்கையை நாடகமாக ஒளிபரப்பியது. செட்சுவை முதன்மைப் பாத்திரமாகக் கொண்ட, பெயர்கள் மாற்றப்பட்ட காலைத் தொடர் ஒன்றை அதே நிறுவனம் 2025 செப்டெம்பரில் தொடங்கியது.

மறைவு

குவைதான் வெளிவந்த சில மாதங்களில், 1904 செப்டெம்பர் 26 அன்று ஹெர்ன் டோக்கியோவில் இதயநோயால் காலமானார். அவரது உடல் சோசிகயா இடுகாட்டில் அடக்கம் செய்யப்பட்டது. செட்சு 1932 இல் காலமானார். மட்சுவேயில் அவர்கள் வாழ்ந்த வீடு பாதுகாக்கப்பட்டு வருகிறது.