மருத்துவப் படிப்பு கைகூடவில்லை. பேனாவை ஏந்தினார்: 32 வயதில் மறைந்த நாவலாசிரியை கிருபாபாய் சத்தியநாதன்

ஆங்கிலத்தில் நாவல் எழுதிய முதல் இந்தியப் பெண் என்று இலக்கிய ஆய்வாளர் பலரால் போற்றப்படுபவர் கிருபாபாய் சத்தியநாதன். 32 ஆண்டுகளே வாழ்ந்த அவரது இலக்கியப் பணி, பெரும்பாலும் நோய்க்கும் துயரத்துக்கும் இடையே, சென்னையில் நிகழ்ந்தது.

1862-ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் அகமத்நகரில் (தற்போதைய அகில்யாநகர்) அவர் பிறந்தார். பெற்றோர் ஹரிபந்த் கிஸ்தி - ராதாபாய், பிராமண சமூகத்திலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள். சிறு வயதிலேயே தந்தையை இழந்த கிருபாபாய்க்கு, மூத்த அண்ணன் பாஸ்கரே வழிகாட்டியாக விளங்கினார். பெண் பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு என்று கருதப்பட்ட காலத்தில், தங்கையின் அறிவுத் தாகத்தை மதித்து வளர்த்தவர் அவர். அந்த அண்ணனும் இளம் வயதில் மறைந்தது கிருபாபாயைப் பெரிதும் பாதித்தது.

பின்னர் பம்பாயில் கல்வி பயின்ற அவர், மருத்துவராக விரும்பினார். ஆண் மருத்துவரிடம் செல்லத் தயங்கி, சிகிச்சையின்றித் துன்புற்ற பெண்களுக்கு உதவுவதே அவரது நோக்கம். இங்கிலாந்து சென்று படிக்கும் வாய்ப்பும் வந்தது. ஆனால், அவரது உடல்நிலை அந்நாட்டுக் குளிரைத் தாங்காது என அஞ்சியதால், அது கைநழுவியது.

அப்போது கைகொடுத்தது சென்னை மருத்துவக் கல்லூரி. 1875-இலேயே பெண்களுக்குக் கதவு திறந்த அக்கல்லூரியில், 1878-இல் கிருபாபாய் சேர்ந்தார். போதகர் டபிள்யூ.டி. சத்தியநாதன் குடும்பத்தாருடன் தங்கிப் பயின்றார். முதலாண்டிலேயே சிறந்த மாணவியாகத் திகழ்ந்தும், கடும் உழைப்பினால் உடல்நலம் குன்றியதால் படிப்பைக் கைவிட நேர்ந்தது.

போதகரின் மகன் சாமுவேல், இங்கிலாந்தில் படிப்பை முடித்துத் திரும்பியபின் கிருபாபாயை மணந்தார். உதகையில் உள்ள பிரீக்ஸ் நினைவுப் பள்ளியில் அவர் தலைமையாசிரியராகப் பொறுப்பேற்றதால், தம்பதியர் அங்கு குடியேறினர். உதகையில் இஸ்லாமியச் சிறுமியருக்காக ஒரு பள்ளியைக் கிருபாபாய் தொடங்கினார். தோடர் இன மக்களைச் சந்தித்தது குறித்த கட்டுரை உள்ளிட்டவற்றை, 'ஓர் இந்தியப் பெண்மணி' எனும் புனைபெயரில் எழுதினார்.

ராஜமகேந்திரபுரம், கும்பகோணம் ஆகிய ஊர்களில் வசித்தபின், 1886-இல் அவர்கள் சென்னைக்குத் திரும்பினர். 1887-88-இல் அவரது முதல் நாவலான 'சகுணா', சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி இதழில் தொடராக வெளிவந்தது. கல்விக்காகப் போராடும் கிறிஸ்தவப் பெண்ணின் கதையான அந்நாவலில், அவரது சொந்த வாழ்வே பெரும்பகுதி பதிவாகியுள்ளது.

இதற்கிடையே, பிறந்து ஓராண்டுகூட நிறைவடையாத தமது ஒரே குழந்தையை அவர் பறிகொடுத்தார். உடல்நலமும் மேலும் சீர்குலைந்தது. எனினும் எழுத்தை அவர் நிறுத்தவில்லை. குழந்தை மணத்தால் புகுந்த வீட்டில் அல்லலுறும் இந்துப் பெண்ணைப் பற்றிய 'கமலா' நாவலை, நோயுடன் போராடியபடியே எழுதி முடித்தார். 1894-இல் கிருபாபாய் காலமானார். அதே ஆண்டில் 'கமலா' நூலாக வெளியானது. 'சகுணா' மறு ஆண்டு நூல் வடிவம் பெற்றது. இரு நாவல்களும் பின்னர் தமிழில் மொழிபெயர்க்கப்பட்டன.

மதத்தால் வேறுபட்ட இரு பெண்களை நாயகியராகக் கொண்டபோதும், இரு நாவல்களும் எழுப்பும் கேள்வி ஒன்றே: பெண்ணின் அறிவுக்கு வீட்டில் என்ன இடம்? மருத்துவராகிப் பெண்களின் உடல் நோயைத் தீர்க்க விரும்பியவர், அவர்களின் மன வேதனையை எழுத்தில் பதிவு செய்துவிட்டு மறைந்தார். அவர் நினைவாகச் சென்னை மருத்துவக் கல்லூரியில் மாணவியருக்கான உதவித்தொகை ஏற்படுத்தப்பட்டது. தம்மால் நிறைவு செய்ய இயலாத படிப்பைப் பிற பெண்கள் தொடர, அவரது பெயரே துணை நின்றது குறிப்பிடத்தக்கது.